நாய் வலி மாத்திரையை விழுங்கிவிட்டால் செய்யக் கூடாதவை

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளை நாய் விழுங்கியபின் செய்யப்படும் தவறுகளில் மிக மோசமானது, ‘நன்றாகத்தானே ஓடியாடுகிறது, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பதாகும். மருத்துவர் வாந்தி எடுக்க வைத்து மருந்தை வெளியேற்றுவது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான் பலனளிக்கும். இரத்த வாந்தியும் கருநிற மலமும் அதற்குப் பிறகே தென்படும், சிறுநீரகப் பாதிப்பு வெளியே தெரிய ஓரிரு நாட்கள்கூட ஆகலாம். பத்து கிலோ எடையுள்ள நாய்க்கு 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் மாத்திரை ஒன்றே வயிற்றைப் புண்ணாக்கப் போதுமானது.

பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் மாலைக்குப் பின் கால்நடை மருந்தகம் திறந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்காக உப்புக் கரைசலைப் புகட்டுவதும், தொண்டையில் விரலை விடுவதும், பாலையோ எண்ணெயையோ ஊற்றுவதும் கூடாது. உப்பு மிகுந்தால் அதுவே தனி நஞ்சாகும். தள்ளாடும் நாயின் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் போகலாம். பால் எந்த மருந்தையும் முறிப்பதில்லை. வயிற்றிலுள்ள மருந்தைப் பிடித்துக்கொள்ள மருத்துவர் தரும் செயலூட்டப்பட்ட கரிக்கு அடுப்புக்கரி ஒருநாளும் ஈடாகாது. நேரத்தை வீணாக்காமல், ஓசூர்க்காரர்கள் பெங்களூருவுக்கும், தருமபுரி, அரூர்ப் பகுதியினர் சேலத்துக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்புவதே மேல்.

அப்போது மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுச் செல்வது அடுத்த தவறு. நம் மருந்துக் கடைகளில் விற்கும் பல வலி மாத்திரைகளில் ஐபுப்ரோஃபெனோ அசெக்ளோஃபினாக்கோ பாராசிட்டமாலுடன் சேர்ந்தே இருக்கிறது. பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்னும் முறிமருந்து உண்டு. அது கால்நடை மருத்துவரிடம் இல்லாவிட்டாலும் மனிதர்களுக்கான மருந்துக் கடையில் கிடைக்கக்கூடும். ஐபுப்ரோஃபெனுக்கு அப்படி ஒன்று இல்லாததால், சிரை வழியே திரவம் ஏற்றியும் வயிற்றுப்புண் மருந்துகள் கொடுத்தும் உடலைக் காக்க வேண்டியிருக்கிறது.

நாய் நொண்டியதைப் பார்த்துத் தாமே மாத்திரை கொடுத்தவர்கள் வெட்கப்பட்டு அதை மறைப்பதுண்டு. அவ்வாறு மறைத்தால், வலிக்கென்று மருத்துவர் மெலாக்ஸிகாம் என்னும் அதே வகை வலி மருந்தோ ஸ்டீராய்டோ போட்டுவிட, புண் இருமடங்காகும். நாய் ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்துகளையும் அதே காரணத்துக்காகச் சொல்லியாக வேண்டும்.

ஒரு நாள் திரவம் ஏற்றியதும் நாய் வாலாட்டுகிறது என்று வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவதும் தவறே. பெரிய அளவில் விழுங்கியிருந்தால் இரண்டு நாட்களாவது திரவம் தேவைப்படும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்து, அளவு ஏறவில்லை என்று உறுதியான பிறகே மருத்துவர் அனுப்புவார்.