இதய ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கட்டி: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறவி இதயக் குறைக்கு ஆபரேஷன் முடிந்து குழந்தை வீட்டுக்கு வந்ததும், தையல் காய்ந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகலாம் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது.

நுரையீரலுக்கு ரத்தம் அனுப்ப வைக்கிற பி.டி. ஷன்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சிளம் குழந்தைக்குப் பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் குழாய். பேனா ரீஃபில் கனம்தான். சின்னக் கட்டி போதும், அடைத்துவிடும். அதனால் பேதியை “பல் முளைக்குது, தானா நிக்கும்” என்று விடுவதுதான் பெரிய தவறு. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகும். நீலம் பாரிக்கிற குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் ஏற்கெனவே அதிகம் என்பதால் ஆபத்து இன்னும் கூடும். வாந்தி, பேதியோடு பாலும் இறங்கவில்லை என்றால் ராத்திரியானாலும் கிளம்புங்கள். உதடு வழக்கத்தைவிட நீலமானாலோ, குழந்தை துவண்டாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. ட்ரிப்ஸ் போடும்போது இதயக் குறை பற்றி நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். குழாயில் வருகிற காற்றுக்குமிழி இந்தக் குழந்தைகளுக்கு மூளைவரை போய்விடலாம்.

அடுத்தது ஆஸ்பிரின். “காய்ச்சல் மாத்திரைதானே, தினமும் எதற்கு?” என்று பாட்டி கேட்பார். ரத்தத் தட்டுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தச் சின்ன டோஸ். நாமாக நிறுத்தக் கூடாது, பல் பிடுங்கக்கூட. காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஐபுப்ரோஃபென் கொடுப்பதும் தப்பு. ஆஸ்பிரினின் வேலையை அது கெடுக்கும். சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் ஆஸ்பிரினைத் தொடரலாமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் ரேஸ் சிண்ட்ரோம் என்ற அபூர்வமான, கடுமையான பாதிப்பு வரலாம்.

உலோக வால்வு வைத்தவர்களுக்கும், ஃபான்டன் ஆபரேஷன் (உடம்பிலிருந்து வரும் அசுத்த ரத்தத்தை நேராக நுரையீரலுக்குத் திருப்புவது) முடித்த சிலருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் கொடுப்பார்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஐ.என்.ஆரை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட் அளவு) ஆட்டிவைக்கும். மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால் ஐ.என்.ஆர். டெஸ்ட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கும். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகக் கொடுக்காதீர்கள். இடுப்பில் ஊசி வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டும்.

ஃபான்டன் முடித்த பெண் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, மாதவிடாய்ச் சிக்கலுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எழுதப்படலாம். அது ரத்தம் உறைவதைக் கூட்டும். பழைய ஆபரேஷன் விவரத்தை மகளிர் டாக்டரிடம் முதலிலேயே சொன்னால் வேறு மருந்து தருவார்.