பக்கவாதத்துக்குப் பிறகு கை இறுகினால்: மூளைத் தூண்டல் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பிசியோதெரபி செய்யப் போய்க்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டிய ஒரு அண்ணனின் கை. பக்கவாதம் வந்து எட்டு மாதத்தில் முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகிவிட்டன. "மக்கா, திருவனந்தபுரத்துல தலைக்குக் காந்தம் வச்சா கை நீண்டுருமாமே?" என்று கேட்டார். போகவும் செய்தார். ஒவ்வொரு நாளும் சிகிச்சை முடிந்ததும் பஸ் ஏறி, மடங்கிய கையை மடியில் வைத்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வீடு வருவார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். பத்து நாள் ஓடிய பிறகும் கை பழையபடியே இருந்தது. எல்லாம் ஏமாற்று என்றார்கள் வீட்டில்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீணானது அந்த இரண்டு மணி நேரம்தான்.

தசை இறுகுவதற்கு முதல் காரணம் தசையில் இல்லை. தசையை இழுத்தால் அது சுருங்கும்படி தண்டுவடம் உடனே கட்டளை கொடுக்கும். அந்தக் கட்டளை அளவு மீறாமல் மூளை அடக்கி வைத்திருக்கும். பக்கவாதத்தில் அந்த அடக்கும் பாதை பழுதாகிறது, தண்டுவடம் தன்னிஷ்டத்துக்கு நடக்கிறது. மூளைத் தூண்டல் இந்த மேல்மட்டக் கட்டுப்பாட்டைச் சீராக்கப் பார்க்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காந்தத் தூண்டல்: தலைமேல் வைத்த கருவியிலிருந்து காந்தத் துடிப்புகளை மூளைக்குச் செலுத்துவது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டியது. மற்றது நேர்மின்னோட்டத் தூண்டல், அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். தலையில் வைத்த, உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியாக 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவது. இவ்வளவு மெல்லிய மின்சாரம் நரம்பணுவைத் தானாக இயங்க வைக்காது. இயங்கத் தயாராக்கி விடும், அவ்வளவே. 2001இல் ஜெர்மனியின் நிட்ஷே, பவுலஸ் இருவரும் ஆரோக்கியமானவர்களிடம் செய்த சோதனையில், 13 நிமிட மின் தூண்டலின் விளைவு ஒன்றரை மணி நேரம் வரை நின்றது.

தூண்டல் எதுவானாலும், விளைவு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நம் ஆட்கள் களியக்காவிளை தாண்டி வரும் பஸ்ஸில் கழித்துவிடுகிறார்கள். சிகிச்சை நடக்கும்போதோ முடிந்த உடனேயோ பயிற்சி செய்ய வேண்டும்: கையை மெதுவாக நீட்டுவது, உள்ளங்கையை மேசையில் விரித்து ஊன்றுவது, டம்ளரைப் பிடித்து விடுவது. அங்கேயே பிசியோதெரபி உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால், அவ்வளவு செலவு செய்து தினமும் அலைய வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

"வாதம் வந்தது இடது மூளையில, காந்தத்தை வலது பக்கம் வைக்கிறாங்களே" என்று பயந்து பாதியில் நிறுத்திய குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் அது தவறில்லை. நல்ல பக்கம் அடிபட்ட பக்கத்தை அதிகமாக அமுக்கி வைக்கிறது என்ற கருத்தில், நல்ல பக்கத்தை வினாடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான வேகத்தில் அமைதிப்படுத்துவார்கள். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

மறைக்கவே கூடாத சில விஷயங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு தடவை வலிப்பு வந்திருந்தாலும் சொல்லுங்கள். மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, பேஸ்மேக்கர் எல்லாவற்றையும் சொல்லுங்கள். காந்தத் தூண்டலில் வலிப்பு வருவது அரிது, ஆனால் வரலாம். தூக்கமில்லாத இரவு அந்த ஆபத்தைக் கூட்டும். விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய கருவியையோ, வலிக்கு வைக்கும் டென்ஸ் மெஷினையோ வீட்டில் தலையில் வைத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகலாம். எந்த இடத்தில், மின்சாரத்தின் எந்தத் துருவத்தை (நேர், எதிர்) வைக்கிறோம் என்பது மாறினால் விளைவும் மாறும்.

நம் மாவட்டத்தில் எண்ணெய் போட்டு உழிச்சல் பார்க்காத வீடு குறைவு. மென்மையாகத் தடவினால் பிரச்சினை இல்லை. ஆனால் இந்த இறுக்கம் வேகத்தைப் பொறுத்தது; வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும். பலவீனமான கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவக்கூடும். அப்புறம் வலியில் நோயாளி கையை நீட்டவே விடமாட்டார்.

காந்தம் வைக்க ஆரம்பித்தாச்சே என்று, தசை இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இறுக்கம் கூடும், மனக்குழப்பம், வலிப்புகூட வரலாம். மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் சொல்லும் கணக்கில், படிப்படியாக.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2008இல் காந்தத் தூண்டலுக்கு முதலில் அனுமதி கிடைத்தது மனச்சோர்வுக்கு. தசை இறுக்கத்துக்கான ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. இறுகிய தசையைத் தளர்த்தும் பொட்டாக்ஸ் ஊசி, மாத்திரை, பயிற்சி இவற்றுக்குத் துணையாகத்தான் இதைப் பார்க்க வேண்டும். திடீரென்று இறுக்கம் கூடினால் மூளையைப் பார்க்குமுன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் இருக்கிறதா என்று பாருங்கள்; இவையும் இறுக்கத்தைக் கூட்டும். இதற்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே போதும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது; அதையும் விசாரியுங்கள்.

குலசேகரத்து அண்ணன் இரண்டாம் முறை போனபோது, சிகிச்சை முடிந்ததும் அங்கேயே ஒரு மணி நேரம் பயிற்சி செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். இப்போது அண்ணி அவர் உள்ளங்கையைத் திறந்து கழுவி, நகம் வெட்ட முடிகிறது. முன்பு நகம் சதையில் பதிந்து புண்ணாகும். பால் வெட்டும் கத்தியை அந்தக் கை இன்னும் பிடிக்கவில்லை.