தக்காளியில் செப்புப் பங்கசுநாசினி எச்சம்: புளோரொளிர்வால் அறியும் முறை

தக்காளியில் வெளிறல் நோய் கண்டால், வன்னித் தோட்டங்களில் செப்பு சேர்ந்த பங்கசுநாசினிகளைத் தெளிப்பதுண்டு. பழத்தின் தோலில் தங்கும் செப்பைப் பாடசாலை இரசாயன ஆய்வுகூடத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சில நானோமீற்றர் அளவேயான காபன் துணிக்கைகள் கழியூதா ஒளியில் ஒளிரும்; இதுவே புளோரொளிர்வு. செப்பு அயன்கள் அவற்றின் மேற்பரப்பில் பிணைந்தால் அந்த ஒளி மங்கும்.

முதலில் உணரியை, அதாவது இந்தக் காபன் துணிக்கைகள் கொண்ட கரைசலை, தயாரிக்க வேண்டும். சித்திரிக் அமிலம் 3 கிராம், யூரியா 3 கிராம் ஆகியவற்றை 10 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, இனி உணவுக்குப் பயன்படுத்தாத மைக்ரோவேவ் அடுப்பில் கபிலத் திண்மமாகும் வரை சில நிமிடங்கள் சூடாக்குங்கள். அமோனியா வெளிவருமாதலால் யன்னல்கள் திறந்திருக்கட்டும். ஆறியதும் நீரில் கரைத்து, வடிகட்டி, வெளிறிய தேயிலைச் சாயத்தின் நிறம் வரும்வரை ஐதாக்குங்கள். செறிவு கூடினால் கரைசல் தன் ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. எந்தப் படியிலும் அதைச் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது, செறிவு தெரிந்த செப்புக் கரைசல்களின் ஒப்பீட்டுத் தொடர். செப்பு சல்பேற்றுப் பளிங்கு 0.39 கிராமை ஐதான வினாகிரியில் கரைத்து 1 லீற்றராக்கினால், லீற்றருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் செப்பு இருக்கும். அதே வினாகிரியால் ஐதாக்கி லீற்றருக்கு 50, 25, 10, 0 மில்லிகிராம் எனக் குழாய்களை நிரப்புங்கள்.

பழங்களை அதே வினாகிரியில் சில நிமிடங்கள் அலசி, அந்த நீரை வடிகட்டுங்கள். செப்பு ஒட்சிக்குளோரைட்டு நீரில் கரையாது, அமிலத்திலேயே கரையும். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. பழத்தில் ஒட்டிய செம்மண் தூசியிலுள்ள இரும்பும் அமிலத்தில் கரைந்து ஒளியை மங்கச் செய்யலாம். ஆகவே, அதே காணியில் மருந்து தெளிக்காத செடியின் பழத்தையும் அதே விதமாக அலசி அருகில் வையுங்கள். இந்த ஒப்பீட்டுப் பழம் இல்லாமல் பெறும் முடிவை நான் ஏற்கமாட்டேன்.

இரு பழங்களின் அலசல் நீரையும் தனித்தனிக் குழாய்களில் எடுத்து, தொடரின் குழாய்கள் உட்பட ஒவ்வொரு குழாயிலும் சம அளவு உணரியைச் சேர்த்து, இருட்டறையில் 365 நானோமீற்றர் டோர்ச்சால் ஒளியூட்டி, எல்லாவற்றையும் ஒரே படத்தில் எடுங்கள். டோர்ச்சை நேரே பார்க்கக் கூடாது. தெளித்த பழத்தின் குழாய், தெளிக்காததைவிடத் தெளிவாக மங்கியிருந்தால் மட்டுமே செப்பு இருக்கக்கூடும் எனக் கொண்டு, தொடரோடு ஒப்பிடுங்கள். ஒகனோபொசுபரசுப் பூச்சிநாசினிகளை இம்முறை காட்டாது. அவற்றுக்கு அசற்றைல்கோலினெசுத்தரேசு நொதியத்தை அடிப்படையாகக் கொண்ட உணரிகள் வேண்டும்.

மிஞ்சிய செப்புக் கரைசலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாது, பெயரிட்ட போத்தலில் சேர்த்து ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.