வெண்பொங்கல் நாளில் மருந்து ஏன் தாமதிக்கிறது? ஏடிஎச்டி காப்ஸ்யூலைக் காலை உணவோடு பொருத்தும் முறை

நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்காக ஆடரால் எக்ஸ்ஆர் காப்ஸ்யூல் எடுத்துக்கொள்கிறேன். ஆம்ஃபெட்டமின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் காப்ஸ்யூல் இது. வார நாட்களில் எட்டு மணிக்கு விழுங்கினால் ஒன்பதரைக்குள் மனம் ஓரிடத்தில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பதினோரு மணி தாண்டியும் ஒன்றும் தெரியாது. அளவு போதவில்லை என்று முடிவுகட்டி, கூட்டித் தரும்படி மருத்துவரிடம் கேட்கவிருந்தேன். உண்மையான காரணம் நெய் மிதந்த வெண்பொங்கல்.

படி 1: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

மருந்து எடுத்த நேரம், சாப்பிட்டது, கவனம் கூடிய நேரம், இறங்கிய நேரம் என்று நான்கு பத்திகள் போதும். காகித நோட்டுதான் என் பரிந்துரை. கைப்பேசியைத் திறந்தால் நம்மைப் போன்றவர்கள் குறிக்க வந்ததையே மறந்துவிடுவோம்.

படி 2: காலை உணவின் கொழுப்பைக் கவனியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். மருந்து குடலில்தான் உறிஞ்சப்படுகிறது என்பதால் அதுவும் காத்திருக்க நேர்கிறது. வெறும் வயிற்றில் எடுத்தால் இரத்தத்தில் உச்ச அளவை எட்ட சராசரியாக 5.2 மணி நேரம். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் 7.7 மணி நேரம் என்கிறது மருந்தின் விவரச்சீட்டு. ஆனால் உடலில் சேரும் மொத்த அளவு குறைவதில்லை. மருந்து வீணாகவில்லை, பிந்தி வருகிறது, அவ்வளவுதான். அதனால் "இன்று வேலை செய்யவில்லை" என்று இன்னொரு காப்ஸ்யூலை ஒருபோதும் விழுங்காதீர்கள். பிந்தி வந்த மருந்து இரவுத் தூக்கத்தையும் கெடுக்கும்.

இப்போது வேலை நாட்களில் இட்லி, சாம்பார். பொங்கலும் பூரியும் அவசர வேலை இல்லாத நாட்களுக்கு.

படி 3: ஆரஞ்சுச் சாற்றைத் தள்ளி வையுங்கள்

வைட்டமின் சி ஆம்ஃபெட்டமின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சத்து மாத்திரையையும் பழச்சாற்றையும் மாலைக்கு மாற்றிவிட்டேன். சோடா உப்பு சேர்ந்த நெஞ்செரிச்சல் மருந்துகள் இதற்கு நேர்மாறு: ஆம்ஃபெட்டமின் அளவை உயர்த்திவிடும். அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

படி 4: பசி அடங்குமுன் சாப்பிடுங்கள்

மருந்து ஏறியபின் பசியே தெரியாது. தாமதத்துக்குப் பயந்து காலை உணவை விட்டுவிடாதீர்கள். மதியத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 1: காப்ஸ்யூலை விழுங்க முடியவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அதைத் திறந்து ஒரு கரண்டி ஆப்பிள் கூழில் தூவி, மெல்லாமல் உடனே விழுங்கலாம். உள்ளிருக்கும் மணிகளை நசுக்கக் கூடாது.

பிற்சேர்க்கை 2: ஏடிஎச்டிக்கான இன்னொரு மருந்தான மெத்தில்ஃபெனிடேட் எடுப்பவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். மேலே சொன்ன வைட்டமின் சி விஷயம் ஆம்ஃபெட்டமினுக்கானது. உங்கள் மருந்துக்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் அடங்கிய கான்செர்டா மாத்திரையை உணவோடும் எடுக்கலாம், உணவில்லாமலும் எடுக்கலாம். ஆனால் முழுதாக விழுங்க வேண்டும். மலத்தில் மாத்திரை போன்ற ஒன்றைக் கண்டு பயந்துபோன அன்பருக்கு: அது மருந்து வெளியேறியபின் மிஞ்சும் வெற்றுக் கூடு.