நெளிந்துபோன கோட்டைப் படம்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையைக் கடலிலிருந்து காட்டும் 1754-ஆம் ஆண்டுச் செப்புத்தகட்டு அச்சு. கையால் வண்ணம் தீட்டியது. சட்டத்துக்குள் அலையலையாக நெளிந்து, கண்ணாடியோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. காரணம் எளிது: நான்கு ஓரமும் செல்லோடேப். ஈரக்காற்றில் தாள் விரிய இடமில்லை.

முதலில் 10 மடங்கு லென்ஸில் பார்த்தேன். கோடுகள் இருந்தால் அசல்; ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் ஆப்செட் (இக்கால இயந்திர அச்சு) நகல், இவ்வளவு மெனக்கெட வேண்டாம். காய்ந்த டேப்பை மெல்லிய கரண்டித் தகட்டால் மட்டும் தூக்கினேன். இழுத்தால் தாளின் மேல்தோலும் வரும். பசைக் கறையைத் தொடவில்லை, மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும், நடுவே சன்னல்போல் வெட்டிய அட்டை) மறைத்துவிடும். தண்ணீர் படவே கூடாது, வண்ணம் ஓடும். இஸ்திரியும் வேண்டாம். மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து, பலகை போட்டு, பத்து நாள் பாரம்.

பிறகு அமிலமற்ற பருத்தி அட்டை. மேல் ஓரத்தில் மட்டும் படத்தை அட்டையோடு பிணைக்க இரண்டு ஜப்பானியத் தாள் கீல்கள், 3 செ.மீ. அகலம், கோதுமை மாவுச்சத்துப் பசை (1 பங்குக்கு 5 பங்கு நீர், காய்ச்சியது). மற்ற மூன்று பக்கமும் சும்மா தொங்கட்டும். சன்னல் மவுண்ட் 3 மி.மீ. கனம் இருந்தால்தான் கண்ணாடி தாளைத் தொடாது. சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் இரண்டு; சட்டத்துக்குப் பின்னால் காற்று ஓட வேண்டும். வெயில் விழாத சுவர்தான்.