எம்ஜிபி ஓவர்டிரைவ் மாற்றும்போது ஸ்ப்லைனைக் கவனியுங்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் லேகாக் எல்ஹெச் ஓவர்டிரைவை (கியர்பாக்ஸின் பின்னால் பொருத்தப்படும் கூடுதல் கியர் யூனிட்) மாற்றும்போது பெரும்பாலும் சிக்கல் வருவது பொருத்தும் கட்டத்தில்தான். உள்ளே இரண்டு ஸ்ப்லைன்கள் (கியர்பாக்ஸ் தண்டு நுழையும், பல் வெட்டிய துளைகள்): ஒன்று பிளானட் கேரியரில் (சிறு கியர்களைத் தாங்கும் சட்டம்), மற்றது ஒரே திசையில் மட்டும் சுழல விடும் ஒருவழி ரோலர் கிளட்சில். இரண்டின் பற்களும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நீளமான மெல்லிய ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு, ரோலர் கிளட்சின் உள்வளையத்தை இடஞ்சுழியாக மட்டும் திருப்புங்கள். எண்ணெய் பம்பை இயக்கும் கேமின் தாழ்ந்த பக்கம் பம்பை நோக்கி இருக்கட்டும்.

பிறகு யூனிட்டைக் கையாலேயே தள்ளுங்கள். கியர்பாக்ஸையும் யூனிட்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டில் போய் ஒட்ட வேண்டும். சுமார் 16 மி.மீ. இடைவெளியில் நின்றுவிட்டால் பற்கள் சேரவில்லை என்று அர்த்தம். நட்டை முடுக்கி மட்டும் இழுக்காதீர்கள், உள்ளே உடையும். கழற்றி மறுபடி நேர்ப்படுத்துங்கள், எத்தனை முறையானாலும் சரி.

எண்ணெயில் எந்த அடிட்டிவும் வேண்டாம். ஓவர்டிரைவை இயங்க வைக்கும் கூம்பு வடிவ கோன் கிளட்ச் வழுக்கும்.