ரொட்டி வீசப் பழக வேண்டுமா? முதலில் ஒரு துண்டை நனையுங்கள்

மலேசியப் பரோட்டாவான ரொட்டி சானாய் வீசப் பழகியபோது எனக்கு வயது 43. மலேசியாவின் பட்டர்வொர்த் நகரில் மாமாவின் ஒட்டுக்கடையில் (சின்ன உணவுக்கடை) அதுவரை பருப்புக் கறி ஊற்றுவதும் காசு வாங்குவதும்தான் என் வேலை. ரொட்டி போட்ட தம்பி ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மாமாவுக்கோ தோள்பட்டை வலி. "நீயே போடு பாப்பா" என்றார். முதல் நாள் வீசிய 9 ரொட்டியில் 7 கிழிந்தன. காத்திருந்த ஒருவர் மெதுவாக மீ கோரெங்குக்கு (வறுத்த நூடுல்ஸ்) மாறிக்கொண்டார்.

மறுநாள் மாமா என்னை மாவைத் தொடவே விடவில்லை. கடையில் கைதுடைக்கும், 'குட் மார்னிங்' என்று அச்சடித்த மெல்லிய வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்து கொடுத்தார். இரண்டாக மடித்தால் ஏறக்குறைய சதுரம். கனமும் மாவைப் போலவே இருக்கும். கிழியாது, காசும் போகாது.

அவர் காட்டிய பிடி இது: வலது கை விரல்கள் துண்டுக்கு அடியில், கட்டைவிரல் மேலே. இடது கைக்கு அப்படியே தலைகீழ். தூக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி மேசையில் போட வேண்டும். வேலை மணிக்கட்டுக்குத்தான், முழங்கை உயர்ந்தால் தப்பு. சரியாக விழுந்ததா என்று கண்ணால் பார்க்கவே வேண்டாம், காது சொல்லிவிடும். விரிந்து விழுந்தால் 'சப்' என்று ஒரே சத்தம். சுருங்கி விழுந்தால் தொப்தொப்பென்று இரண்டு மூன்று.

கடை மூடியபின் தினமும் 15 நிமிடம், அதற்கு மேல் இல்லை. கை சோர்ந்தபின் வீசினால் தப்பான வீச்சுதான் பழகும். தொடர்ந்து எத்தனை 'சப்' வந்தது என்று நாள்காட்டியில் எழுதினேன். முதல் நாள் 3. ஏழாம் நாள் 11. ஒன்பதாம் நாள் மறுபடி 4! துண்டை மூலையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பத்தாம் நாள் 13. அன்றுதான் புரிந்தது, ஒரு நாள் கணக்கைப் பார்த்து அழக்கூடாது, வாரக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் மாவு. 1 கிலோ மைதா, உப்பு, இரண்டு கரண்டி கெட்டிப்பால், கொஞ்சம் மார்ஜரின், அரை லிட்டருக்குச் சற்றே கூடுதலாகத் தண்ணீர். 18 உருண்டை வரும். எண்ணெய் தடவி இரவு முழுக்க மூடி வையுங்கள். பிசைந்த மாவு இறுகிக் கிடக்கும். ஓய்வு கிடைத்தால்தான் தளர்ந்து நீளும். என் முதல் நாள் ரொட்டி கிழிந்ததில் பாதிப் பழி இதற்குத்தான், இரண்டு மணி நேர மாவு அது. மின்விசிறிக்கு நேராக வைத்தாலும் ஓரம் காய்ந்து அங்கிருந்தே கிழியும். நகம் வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள்.

வீசுவதற்கு முன் உருண்டையை உள்ளங்கையால் தட்டு அளவுக்குத் தட்டிக்கொள்ளுங்கள். நடுப்பகுதி ஓரத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். கிழிந்தால் பதறாமல் சீனியும் மார்ஜரினும் போட்டுச் சுருட்டுங்கள், ரொட்டி பொம் என்ற இனிப்பு ரொட்டி ஆகிவிடும். இந்த ஒரு தந்திரம் தெரிந்தபின் என் கை நடுக்கம் பாதி போய்விட்டது.

வாடிக்கையாளர் முன்னால் நிற்பதைப் பொறுத்தவரை, காலை ஏழரை மணிக் கூட்டத்தில் தொடங்காதீர்கள். நான் பத்தரைக்கு மேல், வழக்கமாக வரும் டாக்சிக்கார அங்கிளுக்கு மட்டும் போட்டேன். "கிழிஞ்சாலும் வயித்துக்குள்ளதானே போவுது, போடும்மா" என்பார். அவருக்கு மூன்று வாரம் போட்ட பிறகுதான் காலைக் கூட்டத்துக்கு நின்றேன்.

காகிதம் போல மெல்லிய, பெரிய ரொட்டி திசு பக்கம் இன்னும் போகவில்லை. அதற்குத் துண்டு பெரிதாக வேண்டுமாம், மாமா சொல்கிறார். குளிக்கிற துண்டு ஒன்றை நனைத்து வைத்திருக்கிறேன்.